ஒன்பதாம் மாத ஊசி: வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், என்ன செய்வது?

இனியன் அம்மா (தாராபுரம் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு வருகிற 14ஆம் தேதியோடு ஒன்பது மாதம் முடிகிறது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள், தட்டம்மை ஊசி இருக்கிறது என்று செவிலியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.

அவர் விவரம் தெரியாதவர் இல்லை. டிப்ளமோ முடித்து ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறார். இதெல்லாம் ஆரம்பித்தது ஒன்றரை மாத ஊசியில். தொடையில் போட்டார்கள். "ஒன்னும் ஆகாது, ராத்திரி லேசா சூடு இருந்தா இந்தச் சொட்டைக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்த அழுகை, பன்னிரண்டு மணி வரை விட்டு விட்டு ஓடியது. காய்ச்சல் 102. ஊசி போட்ட தொடை கல் மாதிரி ஆகிவிட்டது. என் மாமியார் விளக்கெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டார், அதற்கு இன்னும் வீறிட்டான். இவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொட்டாய்க்கும் நடந்துகொண்டே இருந்தார். விடிகாலையில்தான் தூங்கினான்.

அடுத்த இரண்டு தவணையையும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டேன். அவ்வளவு காய்ச்சல் வரவில்லை. ஆனால் இவருக்கு அந்த முதல் ராத்திரிதான் மனதில் நிற்கிறது. "நல்லா சிரிச்சுட்டு இருந்த பையனுக்கு, காய்ச்சலை நாமளே போய் வாங்கிட்டு வந்தோம்" என்பார்.

அப்புறம் மில்லில் ஒரு நண்பர் இவரை மரபு வாழ்வியல் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். தினம் ஒரு ஆடியோ வருகிறது. தட்டம்மை ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும், இலவசமாகக் கொடுக்கிறார்களே எதற்காக, வெளிநாட்டுக் கம்பெனி நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறது, இப்படி. எல்லாவற்றையும் நம்புகிறார் என்று சொல்ல மாட்டேன். "இதுல ஒன்னே ஒன்னு நிஜமா இருந்தா என்ன பண்றது?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை.

தனியார் மருத்துவமனையில் வலி இல்லாத ஊசி என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லையா? இன்னொன்றும் கேட்கிறேன், யாரும் திட்டாதீர்கள். அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே வைத்து இவருக்குச் சொல்லாமல் போட்டுவிட்டு வந்துவிடலாமா?


வெள்ளகோவில்காரன்:

வீட்டில் மாடு இருக்கிறதா? இருந்தால் கோமாரி ஊசி போடுகிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள் தங்கச்சி. மற்றதைப் பிறகு பேசலாம்.


சிவகங்கைச் சீமை:

சகோதரி, அவசரப்படாதீர்கள். உங்கள் கணவர் யோசிப்பதில் தப்பில்லை. என் அப்பத்தாவுக்கு 91 வயது. ஒரு ஊசி போட்டதில்லை, ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறது. அம்மை வந்தால் வேப்பிலையில் படுக்கவைத்து மூன்றாம் தண்ணீர் ஊற்றுவோம், போய்விடும். உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிற வழி அது. நம் முன்னோர் என்ன தடுப்பூசி போட்டுக்கொண்டா வாழ்ந்தார்கள்?


ஓய்வு நர்ஸம்மா:

தாயி, நான் திண்டுக்கல் மாவட்டத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். 1988இல் சேர்ந்தேன், 2019இல் ஓய்வு. மலையடிவாரத்து ஊர்கள், நான்கு துணை சுகாதார நிலையம் மாறியிருக்கிறேன். மகன் போனில் தட்டச்சு சொல்லிக்கொடுத்திருக்கிறான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "ஒன்னும் ஆகாது". உங்களிடம் அதைச் சொன்னது நான் இல்லை. ஆனால் எத்தனையோ ஆயிரம் தாய்மார்களிடம் நானும் அதையேதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அட்டையில் எழுத வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், ஐஸ் உருகுவதற்குள் முடிக்க வேண்டும். "ஒன்னும் ஆகாது" என்றால் இரண்டு நொடியில் வேலை முடிந்தது. ஆனால் ஆகும், தாயி. காய்ச்சல் வரும், தொடை வீங்கும், பிள்ளை அழும். ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தால் உங்கள் வீட்டுக்காரர் அன்று ராத்திரி வாசலில் நடந்திருப்பார்தான், ஆனால் பயந்துகொண்டு நடந்திருக்க மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு யோசித்துப் பார்த்தால், வாட்ஸப்பைவிட எங்கள் வாய்தான் அதிகம் பேரைப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஏன் அந்தக் காய்ச்சல் என்றால், ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதத்தில் தொடையில் போடுவது ஐந்து நோய்க்கான ஒரே ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, அப்புறம் நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் கொண்டுவருகிற ஹிப் என்ற கிருமி. இந்தியாவிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இதைக் கொண்டுவந்தார்கள். இதில் கக்குவானுக்கு இருப்பது செத்த கிருமி, முழுதாக. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வலி இல்லாத ஊசி என்று நீங்கள் கேட்டது, கிருமியின் சில துண்டுகளை மட்டும் எடுத்துச் செய்தது. காய்ச்சலும் வலியும் குறைவுதான், பொய் இல்லை. ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துபோகும். காசு இருக்கிறது, பிள்ளை அழுவதைப் பார்க்க முடியவில்லை என்றால் போடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கிப் போட வேண்டாம். அந்தத் தொடைக் கட்டி சில வாரம்கூட இருக்கும், தானே கரையும். மாமியாரிடம் சொல்லுங்கள், எண்ணெய் வேண்டாம், மஞ்சள் பற்று வேண்டாம், தேய்க்கவே கூடாது. ஈரத்துணி போட்டால் போதும்.

இப்போது ஒன்பதாம் மாதம். இது வேறு ஊசி, இதன் சங்கதியும் வேறு. தட்டம்மைக்கும், ஜெர்மன் தட்டம்மை என்கிற ருபெல்லாவுக்கும் சேர்த்து வலது கையில் போடுவார்கள். அன்றைக்கு ராத்திரி இந்த ஊசியால் பெரிதாகக் காய்ச்சல் வராது. ஒரு வாரம் கழித்து, ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலும், உடம்பில் மணல் தூவின மாதிரி தடிப்பும் வரும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கவைத்து ஊசியில் கொடுக்கிறோம், அது உடம்பில் வளர அத்தனை நாள் ஆகிறது. இதை அட்டையின் ஓரத்தில் பேனாவால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போடுவதா என்று கேட்டீர்களே, இதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன். எட்டாம் நாள் பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் அவர் பார்ப்பார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு ஊசியையும் நம்ப மாட்டார், உங்களையும் நம்ப மாட்டார்.

அதே நாளில் இன்னும் இரண்டு குத்து இருக்கும். நிமோனியா ஊசி தொடையில், 2021லிருந்து நம் ஊரில் போடுகிறார்கள். போலியோ ஊசி இடது கையில், தோலுக்குள் மிகச் சிறிதாக. வைட்டமின் ஏ திரவம் 1 மில்லி வாயில் ஊற்றுவார்கள். மூன்று குத்தா என்று அங்கே போய் நின்று அவர் அதிர்ச்சியாகக் கூடாது, இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் போடுவதால் கெடுதல் இல்லை.

ஏன் ஒன்பது மாதம் வரை காத்திருக்கிறோம் தெரியுமா? தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை கொஞ்சம் இருக்கும். அது இருக்கும்போது ஊசி சரியாக ஏறாது. ஒன்பது மாதம் வாக்கில் அது வடிந்துவிடும், அந்த இடைவெளியில்தான் பிள்ளைக்கு ஆபத்து. அப்போது போட்டாலும் 100 பிள்ளைகளில் 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதிப் பேருக்காகத்தான் பதினாறாம் மாதத்துக்கு மேல் இன்னொன்று.

சிவகங்கைத் தம்பி, உங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேப்பிலையை நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என் வீட்டிலும் கட்டியிருக்கிறோம். வாசலில் வேப்பிலை தொங்குகிற வீட்டுக்குள் செருப்பைக் கழற்றி, கால் கழுவிவிட்டுத்தான் போவேன். 1991 என்று ஞாபகம், ஒரே தெருவில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தட்டம்மை. தட்டம்மை வந்த பிள்ளை இருந்துவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை காற்றில் அந்தக் கிருமி நிற்கும், ஒரு பிள்ளைக்கு வந்தால் தெருவுக்கே வந்த மாதிரிதான். ஆத்தா வந்திருக்கிறாள் என்று யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை சளி நெஞ்சில் கட்டி இறந்துபோனது. ஒரு பையனுக்கு வலது கண் வெள்ளை விழுந்து பார்வை போனது. தட்டம்மை உடம்பில் இருக்கிற வைட்டமின் ஏ-வை உறிஞ்சிவிடும், ஏற்கெனவே மெலிந்த பிள்ளை என்றால் கருவிழி புண்ணாகிவிடும். அந்தத் தாய் என்ன நினைத்தாள் தெரியுமா? அம்மை பார்த்த வீட்டுக்குப் பக்கத்தில் கருவாடு வறுத்தார்கள், அந்த வாடையில்தான் ஆத்தா கோபித்துக் கண்ணைப் பறித்துக்கொண்டாள் என்று. பக்கத்து வீடு அவளுக்குச் சொந்த நாத்தனார் வீடு. நான் அந்த ஊரை விட்டு மாறுதலாகிப் போகும் வரைக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஊசி போட்டிருந்தால் கண்ணும் இருந்திருக்கும், நாத்தனாரும் இருந்திருப்பாள்.

உங்கள் அப்பத்தாவின் மேல் கையில் வட்டமாகத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு இருக்கும், அது பெரியம்மைக்கு அம்மை குத்தின தழும்பு. இன்னொன்றும் கேளுங்கள். அப்பத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், தங்கினது எத்தனை பேர்?

பயத்துக்குக் காரணமே கிடையாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அன்று நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போனோம். அதன் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்றார்கள். பாதுகாப்புக்குச் சரிதான். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் ஏறி எத்தனை பேர் வருவார்கள்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பாருங்கள், 2005-06இல் தமிழ்நாட்டில் 100 பிள்ளைகளில் 81 பேருக்கு எல்லாத் தடுப்பூசியும் முழுதாகப் போட்டிருந்தது, 2015-16இல் 70. தமிழ்நாடு இறங்கியிருக்கிறது என்று அன்றைக்கு யாரும் நம்பவில்லை. அந்த நான்கு பிள்ளைகளும் நாங்கள் வாசலுக்குப் போகாமல் விட்டதும் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். 2019-21இல் 89க்கு ஏறிவிட்டது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ருபெல்லா முகாம் வந்தபோது ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கே போய்ப் போட்டோம். அப்போதும் இந்த மாதிரி ஆடியோதான் சுற்றியது. ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம், பாதி வகுப்பு காலி. வந்த பிள்ளைகள் கையை ஜன்னல் வழியாக அம்மா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகாமை மார்ச் வரைக்கும் நீட்டினார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்று நினைத்தால், அந்த அம்மாவிடம் ஒரு நாள் முன்னால் போய் உட்கார்ந்து பேச எங்களுக்கு யாரும் நேரம் தரவில்லை.

வெளிநாட்டுச் சோதனை என்கிறார்களே, நமக்கு வருகிற தட்டம்மை ஊசி நம் நாட்டிலேயே தயாராவது. இலவசம் என்பதும் சரியில்லை, வரி கட்டித்தானே வருகிறது.

கடைசியாக ஒன்று. புதன்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் 31 வருடத்தில் தடுப்பூசி என்று அப்பாக்களை நாங்கள் கூப்பிட்டதே கிடையாது. அம்மாவும் மாமியாரும்தான் வருவார்கள், ராத்திரி அழும்போது அப்பாவுக்குத் தலையும் தெரியாது வாலும் தெரியாது. அவரே குப்பியைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். அதில் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடுபடாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம், வட்டத்தின் நிறத்துக்கே கருத்திருந்தால் போடக் கூடாது. மருந்து தூளாகத்தான் வரும், அதை எந்த நேரத்தில் கலந்தீர்கள் என்று கேட்கட்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். சிரிஞ்சை அவர் கண் முன்னால் பிரிக்கச் சொல்லட்டும், அது ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. நான் சேர்ந்த காலத்தில் கண்ணாடி சிரிஞ்சை ஸ்டவ்வில் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு போவோம். இதையெல்லாம் கேட்டால் செவிலியர் முகம் சுளிப்பார்தான், பரவாயில்லை. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காத அழுகை, இதில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.


கோவை வாசகி:

நர்ஸம்மா சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது என் வீட்டு விஷயம். என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது பன்னிரண்டு வயது.

ஒன்றரை வயது ஊசி போட்டுவிட்டு வந்த மாதத்தில்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. பேச்சு வரவில்லை, முகம் பார்க்கவில்லை. ஊசிக்கு முன்னால் நன்றாக இருந்தான் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். இரண்டு வருடம் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் என் தம்பி பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து அவனுடைய முதல் பிறந்தநாள் வீடியோவை எடுத்துப் போட்டான். கேக் வெட்டுகிறோம், இருபது பேர் கைதட்டுகிறார்கள், என் மாமனார் பெயர் சொல்லி நான்கு தடவை கூப்பிடுகிறார். அவன் திரும்பவே இல்லை. மேசையில் இருந்த பிளாஸ்டிக் தட்டைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த வீடியோவை அதற்கு முன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். என் புடவை நன்றாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன், அவனைப் பார்க்கவில்லை.

பேச்சு வரவில்லை என்று தாய் கவனிக்கிற வயதும், அந்த ஊசிக்கான வயதும் ஒன்றாக இருக்கிறது. அவ்வளவுதான். 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பியது இது. 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது, அதே வருடம் அவருடைய மருத்துவப் பதிவையும் நீக்கிவிட்டார்கள். டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளின் பதிவுகளை வைத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கூடவில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த எண்களைச் சொன்னால் கேட்பாரா தெரியாது. என் மகனைப் பற்றிச் சொல்லுங்கள். அவன் காலையில் எழுந்து தானே தோசை வார்த்துக்கொள்கிறான், காந்திபுரத்திலிருந்து புறப்படுகிற டவுன் பஸ் நம்பர் எல்லாம் மனப்பாடம். ஆடியோவில் ஆட்டிசம் என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பேயைச் சொல்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதைக் கேட்கத்தான் முடிவதில்லை.


சிவகங்கைச் சீமை:

அப்பத்தாவிடம் கேட்டேன். மொத்தம் பதினோரு பேராம், தங்கினது ஐந்து. அப்பத்தாவுக்கு அடுத்த தம்பி பெயர் பிச்சைமுத்து, அவருக்கு முன்னால் மூன்று தங்காததால் மடிப்பிச்சை எடுத்து வைத்த பெயராம். இத்தனை நாள் இந்தப் பெயருக்குக் காரணம் கேட்டதில்லை. கையில் தழும்பும் இருக்கிறது, இரண்டு. நான் என் கருத்தை முழுதாக மாற்றிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. இவ்வளவு ஊசி தேவையா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்னோர் எடுத்துக்காட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


இனியன் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளகோவில் அண்ணா, இரண்டு காங்கேயம் மாடு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கால்நடை மருந்தகத்திலிருந்து வந்து கோமாரி ஊசி போடுகிறார்கள். போன தடவை வரத் தாமதமானதற்கு இவரே போன் செய்து சண்டை போட்டார். நேற்று ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "அது மாடு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. என் மாமியார்தான் சிரித்துவிட்டார்.

நர்ஸம்மா எழுதினதை அப்படியே வாசித்துக் காட்டினேன். "ஒன்னும் ஆகாதுன்னு சொன்னது எங்க தப்பு" என்கிற இடத்தில் போனை வாங்கித் தானே படித்தார். கோவை அக்கா எழுதினதையும் படித்தார், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். போட்டுக்கொள்ளத்தான் வருகிறாரா, சண்டை போட வருகிறாரா என்று எனக்கே தெரியவில்லை. கேட்க வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார், ஏழு கேள்வி.

ஒரு சந்தேகம் அம்மா. தனியாரில் எம்எம்ஆர் என்று போடுகிறார்களே, இது வேறா?


ஓய்வு நர்ஸம்மா:

அதில் பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்திருக்கும், அரசு ஊசியில் அது கிடையாது. சேர்க்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை, என் கையில் இல்லை. வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பொன்னுக்கு வீங்கிக்காகத் தட்டம்மையைத் தள்ளிப்போடாதீர்கள். ஏழு கேள்வியா, நல்லது. எட்டாவதாக, அந்தச் செவிலியர் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். புதன்கிழமை எங்களுக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.


இனியன் அம்மா:

போட்டாயிற்று. புதன்கிழமையோடு இன்றைக்குப் பத்தாம் நாள், அதனால்தான் காத்திருந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். இவர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சதுரத்தைப் பார்த்தார். செவிலியர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார், பிறகு "யாருங்க உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஐஸ் எல்லாம் காட்டினார். இரண்டாவது குத்துக்கு இவர் வெளியே போய்விட்டார். மூன்றாவதற்கு நான் மட்டும்தான் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பையன் பக்கத்தில் இருந்த பாப்பாவின் கொலுசைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

தொடை லேசாகச் சிவந்தது, யாரும் தேய்க்கவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் உடம்பு சுட்டது. நான் அடுப்படியில் இருந்தேன், இவர்தான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "100.4, அந்த அம்மா சொன்ன காய்ச்சல் வந்துருச்சு" என்று அங்கிருந்தே கத்தினார். ஏதோ பஸ் வந்துவிட்ட மாதிரி. அடுத்த நாள் முதுகில் கொஞ்சம் தடிப்பு. இன்றைக்கு இல்லை.

அந்த வாட்ஸப் குழுவில் இன்னும் இருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.


ஓய்வு நர்ஸம்மா:

சந்தோஷம் தாயி. குழுவில் இருந்துவிட்டுப் போகட்டும். பதினாறாம் மாதத்தில் தட்டம்மை இரண்டாம் தவணையோடு கக்குவான் ஊசியும் சேர்ந்து வரும், தொடையிலோ கையிலோ போடுவார்கள். அதற்கு எட்டு நாள் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கு ராத்திரியே நல்ல காய்ச்சல் வரும், அழுவான், இரண்டு நாள் நடக்கக்கூட மாட்டேன் என்பான். அவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். மறுநாளுக்கும் சேர்த்து லீவு எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள்.